முதல் வாசிப்பிலிருந்து தெரிவுக்குழு வரை

(ஆண்டு நன்கொடையாளர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகக் கேட்கும் தலைப்புகள் வேறு. தலபுராணம் இருக்கும், திருமுறைச் சிறப்பு இருக்கும், குடமுழுக்கு அனுபவம் இருக்கும். நாடாளுமன்றத்திற்குள் ஒரு மசோதா எப்படி நுழைகிறது, நுழைந்தபின் அதை எங்கே அனுப்புகிறார்கள் என்று பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஐயா, சாப்பாட்டுக்கு முன்னால பேசறீங்களா, பின்னால பேசறீங்களா?" என்று கேட்டார். முன்னால் என்று சொல்லிவிட்டேன். பின்னால் என்றால் பாதிப் பேர் கண்ணயர்ந்து விடுவீர்கள்.

கோயிலுக்கும் மசோதாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். உண்டியல் பணத்திற்கு யார் கணக்குக் காட்ட வேண்டும், கோயில் நிலத்தை யார் நிர்வகிக்க வேண்டும், வாரியத்தில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் ஆகமம் சொல்லி முடிவானவை அல்ல. சட்டம் சொல்லி முடிவானவை. 1905ஆம் ஆண்டில் அன்றைய நீரிணைக் குடியேற்ற அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென ஒரே சட்டத்தைக் கொண்டுவந்தது. அறச் சொத்துகள் சரிவர நிர்வகிக்கப்படவில்லை என்ற குறைதான் அதற்குக் காரணம். அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய ஆளுநரின் சட்டமன்றத்தில் மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவர்கூட இல்லை. சிங்கப்பூரில் முதல் தேர்தலே 1948இல்தான் நடந்தது. பினாங்கில் இன்றைக்கும் இயங்கிவரும் இந்து அறப்பணி வாரியத்தின் வேரும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் சுதந்திரம் அடைந்தபின், முஸ்லிம் சட்ட நிர்வாக மசோதா தெரிவுக்குழுவில் அலசி ஆராயப்பட்டு 1966இல் நிறைவேறியது. முஸ்லிம் அறக்கட்டளைகள் தனி வழியில் போயின. மிஞ்சி நின்ற நமக்கு 1968இல் இந்து அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 1969ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி இந்து அறக்கட்டளை வாரியம் பிறந்தது. ஆக, நாம் தேங்காய் உடைக்கும் இடத்திற்கும் நாடாளுமன்றத்தில் மசோதா படிக்கும் இடத்திற்கும் நாம் நினைப்பதைவிடத் தூரம் குறைவு.

இன்னோர் உதாரணம் சொன்னால் தாய்மார்களுக்கு நன்றாகப் புரியும். நம் கோயில்களில் தாலி கட்டும் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? மாதர் சாசனத்திலிருந்து வந்தது. 1960இல் அன்றைய சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, தெரிவுக்குழுவின் ஆய்வைக் கடந்து, 1961 மே மாதம் நிறைவேறி, அதே ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டம் அது. அதற்கு முன் இந்து ஆடவர் ஒருவர் வழக்கப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கச் சட்டத்தில் தடையில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று நாம் மேடையில் பேசினோம். அதைக் கட்டாயமாக்கியது சட்டப் புத்தகம்.

இப்போது மசோதா நுழையும் விதத்திற்கு வருகிறேன்.

மசோதா மூன்று முறை 'வாசிக்கப்படுகிறது' என்பார்கள். முதல் வாசிப்பு என்றதும் யாரோ ஒருவர் எழுந்து நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார் என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அமைச்சர் எழுந்து மசோதாவை முன்வைப்பார். நாடாளுமன்ற எழுத்தர் அதன் தலைப்பை மட்டும் படிப்பார். இரண்டாம் வாசிப்பு எந்த நாள் என்று நாயகர் கேட்பார். அடுத்து வாய்க்கும் அமர்வில் என்று அமைச்சர் பதில் சொல்வார். அவ்வளவுதான். விவாதம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனாலும் இது வெறும் சடங்கு அல்ல. நம் கோயிலில் கொடியேற்றம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி ஏறியதும் திருவிழா நடக்கப் போகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். யார் யார் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டுமோ செய்யத் தொடங்கலாம். முதல் வாசிப்பு முடிந்ததும் மசோதா அச்சாகிறது, எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய பொது ஆவணமாகிறது. முன்பெல்லாம் அரசாங்க வெளியீடுகள் விற்கும் இடத்திற்குப் போய் வாங்க வேண்டும். இப்போது நாடாளுமன்ற இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் நம்மைப் போன்றவர்களுக்கு உரிய காலம். அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பிறகு சொல்கிறேன், சற்று வெட்கத்தோடு.

அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். ஆனால் அவர் நேரே முன்வைத்துவிட முடியாது. கொண்டுவர அனுமதி வேண்டும் என்று முதலில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து சபையின் இசைவைப் பெற வேண்டும். நம் சிவாச்சாரியார்கள் குடமுழுக்குத் தொடங்கும் முன் அனுக்ஞை பெறுவார்கள் அல்லவா, அது போல. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வரி விதிக்கும் மசோதாவும் அரசுப் பணத்தைச் செலவிட வைக்கும் மசோதாவும் அதிபரின் பரிந்துரையில்லாமல் நகரா. அந்தப் பரிந்துரையை ஓர் அமைச்சர்தான் சபையில் தெரிவிக்க வேண்டும். எனவே தனி உறுப்பினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு முதியோருக்கெல்லாம் மாதம் இவ்வளவு வெள்ளி கொடுப்போம் என்று மசோதா எழுதிக்கொண்டு வந்துவிட முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'தனி மசோதா' என்பது வேறு, 'தனி உறுப்பினர் மசோதா' என்பது வேறு. குறிப்பிட்ட ஒருவரை, ஒரு சங்கத்தை, ஓர் அமைப்பை மட்டும் பாதிக்கும் அல்லது அதற்கு மட்டும் நன்மை தரும் மசோதா முதல் வகை. ஊருக்கெல்லாம் பொதுவான சட்டத்தை அமைச்சரல்லாதவர் கொண்டுவந்தால் அது இரண்டாம் வகை. பத்திரிகைகளே சில நேரம் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகின்றன.

இரண்டாம் வாசிப்பில்தான் உண்மையான விவாதம். ஆனால் அந்த விவாதம் கொள்கையைப் பற்றியது. இப்படி ஒரு சட்டம் நாட்டுக்குத் தேவையா என்பதே அங்கே கேள்வி. ஏழாவது பிரிவின் இரண்டாவது வரியில் உள்ள சொல் சரியா என்பது அங்கே கேள்வி அல்ல. விவாதம் முடிந்து இரண்டாம் வாசிப்பு நிறைவேறிவிட்டால் கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் மசோதாவைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

பெரும்பாலான மசோதாக்கள் முழுச் சபைக் குழுவுக்குப் போகின்றன. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதே உறுப்பினர்கள், அதே மண்டபம். நாயகர் தம் உயர்ந்த இருக்கையை விட்டு இறங்குவார். மேசை மேலிருக்கும் செங்கோலைக் கீழ்த்தாங்கிக்கு மாற்றி வைப்பார்கள். நாயகரை அதுவரை நாயகர் என்று விளித்தவர்கள் அப்போது முதல் தலைவர் என்று விளிப்பார்கள். பிரிவு பிரிவாகப் பார்த்து முடித்ததும் செங்கோல் மேலே ஏறிவிடும். திருத்தம் ஏதும் இல்லாத மசோதாவுக்கு இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்து மூன்றாம் வாசிப்பும் அன்றே நடந்துவிடும்.

மற்றொரு பாதை தெரிவுக்குழு. சபை தனியாகத் தீர்மானித்தால்தான் மசோதா அந்த வழியில் போகும். சில உறுப்பினர்கள் மட்டும் அடங்கிய சிறு குழு அது. நாளிதழ்களில் விளம்பரம் வரும்: இந்த மசோதாவைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புவோர் இந்தத் தேதிக்குள் எழுதி அனுப்பலாம் என்று. எழுதியவர்களில் சிலரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்பார்கள். கேட்டதும் சொன்னதும் ஒரு வரி விடாமல் அச்சாகி, குழுவின் அறிக்கையோடு சபைக்கு வரும். வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. சங்கத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. சாதாரணக் குடிமகன் எழுதிய தாள் நாடாளுமன்றத்தின் ஆவணமாகிவிடும்.

நம் சமய வாழ்வைத் தொட்ட மசோதாக்களில் இந்த வழியில் போனது சமய நல்லிணக்கப் பராமரிப்பு மசோதா. 1989 டிசம்பரில் வெள்ளை அறிக்கை வந்தது. 1990 தொடக்கத்தில் மசோதா முன்வைக்கப்பட்டது. இரண்டாம் வாசிப்புக்குப் பின் தெரிவுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. பல சமயத்தவரும் எழுதினார்கள், நேரில் வந்தும் பேசினார்கள். அவ்வாண்டு நவம்பர் 9ஆம் தேதி நிறைவேறி, 1992 மார்ச் 31இல் நடப்புக்கு வந்தது. அவசரச் சான்றிதழோடு வரும் மசோதாக்களுக்கு இந்த நிதானம் வாய்க்காது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் தற்காலிக நடவடிக்கைகள் மசோதா ஒரே நாளில் முன்வைக்கப்பட்டு, ஒரே நாளில் நிறைவேறியது உங்களுக்கு நினைவிருக்கும். பக்தர்கள் வர முடியாமல் கோயில் வெறிச்சோடிப் போன நாட்களின் தொடக்கம் அது. தொற்று வாசலில் நிற்கும்போது தெரிவுக்குழு அமைத்து ஓராண்டு உட்கார முடியாது. அது நியாயம்தான். ஆனால் எல்லாச் சட்டமும் அப்படி ஓட வேண்டியதில்லை.

இனி நான் வெட்கத்தோடு சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயத்திற்கு வருகிறேன்.

1994ஆம் ஆண்டு. எனக்கு அப்போது நாற்பது வயது. பகலில் எழுத்தர் வேலை, மாலையில் கோயில் ஒன்றில் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொண்டு. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்த தொண்டூழியர் அங்கே நான் ஒருவன்தான். அதனால் மின்கட்டணம் முதல் ஒலிபெருக்கி அனுமதி வரை எல்லாம் என் தலையில். அந்த ஆண்டில்தான் பெற்றோர் பராமரிப்பு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் வூன். சட்டப் பேராசிரியர், பின்னாளில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞராகவும் இருந்தார். வயதான பெற்றோர் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில், வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டால், சட்டப்படி பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்பது மசோதாவின் சாரம். அரசாங்கம் கொண்டுவந்தது அல்ல, தனி உறுப்பினர் கொண்டுவந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு அப்படி வந்து பொதுச் சட்டமாக நிறைவேறிய முதல் மசோதா அதுதான்.

ஊரெல்லாம் அதே பேச்சு. காப்பிக் கடையில் பேசினார்கள், பேருந்தில் பேசினார்கள். வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுக்கலாமா என்றார்கள் சிலர். இழுக்காமல் விட்டதால்தானே அன்னதானப் பந்தியில் இத்தனை கிழவர்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டாம் வாசிப்புக்குப் பின் மசோதா தெரிவுக்குழுவுக்குப் போனது. நாம் பெரியோர்களைப் போற்றும் சமுதாயம், நாம் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று எங்கள் தொண்டூழியர் குழுவில் முடிவானது. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அன்னதானச் சமையலறையில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பது தாண்டியவர். சுறுசுறுப்பென்றால் அப்படிச் சுறுசுறுப்பு. நூறு பேருக்குச் சாம்பார் என்றால் காயை நிறுத்துப் பார்க்க மாட்டார், கண்ணால் பார்த்தே போதும் போதாது என்று சொல்லிவிடுவார். நான் கடிதத்திற்காக ஆளாளிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே என்னிடம் கேட்டார்:

"தம்பி, எனக்கு ஆறு வயசா இருக்கும்போது எங்க அப்பா வீட்டை விட்டுப் போனவர். எங்க அம்மா நாலு வீட்டுத் துணி துவைச்சு எங்களை வளர்த்தாங்க. நாளைக்கு அவரு வந்து, நான்தான் உன்னைப் பெத்தவன், மாசாமாசம் கொடுன்னு கேட்டா, நான் கொடுக்கணுமா? அந்த மசோதாவில என்ன எழுதியிருக்கு?"

நான் மசோதாவைப் படிக்கவில்லை. பத்திரிகையில் வந்ததைப் படித்திருந்தேன், அவ்வளவுதான். படிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பெத்தவங்க பெத்தவங்கதானே அக்கா" என்று சொல்லிவைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த காயை எடுத்துக்கொண்டார்.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அன்னையும் பிதாவும் பற்றி, மூத்தோர் சொல் பற்றி, கீழை நாட்டுப் பண்பாடு பற்றி எல்லாம் எழுதினேன். எங்கள் குழுவில் படித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். அதில் மசோதாவின் ஒரு பிரிவு எண்கூட இல்லை. இந்தச் சொல்லை மாற்றுங்கள், இந்த இடத்தில் இதைச் சேருங்கள் என்று ஒரு வரி இல்லை. அக்கா கேட்ட கேள்வியும் இல்லை. அதைச் சேர்த்தால் நம் பெண்கள் தகப்பனுக்குச் சோறு போடத் தயங்குகிறார்கள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியது. நாமே நம் மானத்தைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று விட்டுவிட்டேன்.

நினைத்துப் பாருங்கள். பெற்றோரைப் பேண வேண்டும் என்ற கொள்கையைச் சபை ஏற்கெனவே இரண்டாம் வாசிப்பில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றுக்கொண்ட கொள்கையை மறுபடியும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் நான் இரண்டு பக்கம் தட்டச்சு செய்திருக்கிறேன். குழு உட்கார்ந்திருந்தது எதற்கு? விவரத்திற்கு. யார் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், எப்போது மறுக்கலாம் என்பதற்கு. எங்கள் கோயிலில் அந்த விவரத்தைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் நான் கடிதத்திற்கு வெளியே நிறுத்தினேன்.

தெரிவுக்குழுவின் வேலை முடிந்து, 1995 நவம்பர் 2ஆம் தேதி மசோதா நிறைவேறியது. 1996இல் பெற்றோர் பராமரிப்புக்கான தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது. அப்போதுதான் சட்டத்தின் பிரதி ஒன்றை வாங்கி முதல் முறையாக முழுவதும் படித்தேன். அறுபது வயதானவர், தம்மைப் போதிய அளவில் பராமரித்துக்கொள்ள முடியாதவர், பிள்ளைகளிடம் தொகை கேட்டு மனுச் செய்யலாம். அறுபதுக்கு உட்பட்டவரும் உடல் நலிவு, மனநலிவு போன்ற காரணம் இருந்தால் கேட்கலாம். அதற்கும் கீழே வந்தேன். பெற்றவர் அந்தப் பிள்ளையைக் கைவிட்டிருந்தாலோ, கொடுமைப்படுத்தியிருந்தாலோ, கவனியாமல் விட்டிருந்தாலோ தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிவிடலாம், அல்லது தொகையைக் குறைக்கலாம் என்று இருந்தது.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, தமக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா வரப்போறதில்ல தம்பி. உசுரோட இருக்காரோ என்னவோ. ஆனா நான் கேட்ட கேள்வியை வேற யாரோ கேட்டிருக்காங்க பாரு" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்பர்களே, இந்தக் கதையை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கோயில்களுக்கு இப்போதும் அமைச்சுகளிலிருந்து கருத்துக் கேட்டுக் கடிதம் வருகிறது. மசோதாக்கள் தெரிவுக்குழுவுக்குப் போவது இந்நாளில் அரிது. அதற்குப் பதிலாக, மசோதா சபைக்கு வருவதற்கு முன்பே அமைச்சு அதன் வரைவையோ சாரத்தையோ வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. ரீச் அமைப்பின் தளத்தில் அவ்வப்போது பார்க்கலாம். இதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. கொள்கை இறுகிப்போகும் முன்பே பேச முடிகிறது என்பது நன்மை. தெரிவுக்குழுவில் பேசினால் பேசியது ஒரு வரி விடாமல் அச்சாகும், யார் என்ன சொன்னார்கள் என்று பேரப்பிள்ளைகள்கூட எடுத்துப் பார்க்கலாம். அமைச்சுக்கு எழுதும் கடிதத்திற்கு அந்தப் பாக்கியம் இல்லை. என்னைக் கேட்டால், சமயத்தையும் குடும்பத்தையும் தொடும் மசோதாக்களையாவது இன்னும் அடிக்கடி தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம் என்பேன். இது என் சொந்தக் கருத்து, வாரியத்தின் கருத்து அல்ல. தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

மூன்றாம் வாசிப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற சிறுபான்மையினர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நிறைவேறிய மசோதா, சில விலக்குகள் தவிர, அதிபரின் ஒப்புதலுக்குப் போகும் முன் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்திற்குப் போக வேண்டும். ஏதேனும் ஓர் இனத்தையோ சமயத்தையோ சேர்ந்தவர்களுக்கு மட்டும் பாதகமாக அமையும் பிரிவு இருக்கிறதா என்று அந்த மன்றம் பார்க்கும். 1970இல் தொடங்கிய மன்றம் அது. பண மசோதா, அவசரச் சான்று பெற்ற மசோதா போன்றவை விலக்கில் அடங்கும். மன்றம் பார்த்து, அதிபர் ஒப்புதல் அளித்து, அரசிதழில் வந்து, நடப்புக்கு வரும் தேதியும் குறிக்கப்பட்டால்தான் அது முழுச் சட்டம்.

நடைமுறைக்கு உதவும் இரண்டொரு சொல். நம் கோயில்களில் இளைஞர் பிரிவு இருக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் வாசிப்பு நடந்த மசோதாக்களை மாதம் ஒருமுறை பார்த்து, கோயிலையும் குடும்பத்தையும் தொழிலையும் தொடுபவை எவை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். கருத்து எழுதுவதென்றால் பண்பாட்டு முன்னுரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதனால் யாருக்கு என்ன நேரும், அதற்கு மாற்றாக என்ன வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு இரவில் இரண்டாம் வாசிப்புக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். சபையில் தமிழில் பேச அரசமைப்பிலேயே இடம் உண்டு. நம் வார்த்தையை அங்கே சொல்ல ஒருவர் வேண்டும், அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு தாள் வேண்டும். கடிதம் எழுதும் முன் சமையலறைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் அதன் பின்னும் இருமுறை தனி உறுப்பினர் மசோதா வழியாகவே திருத்தப்பட்டது. 2010இல் திரு சியா கியன் பெங் கொண்டுவந்த திருத்தம், தீர்ப்பாயத்திற்குப் போகும் முன் சமரசப் பேச்சுக்குப் போவதைக் கட்டாயமாக்கியது. அவரும் வேறு சில உறுப்பினர்களும் கொண்டுவந்த இன்னொரு திருத்தம் 2023இல் நிறைவேறியது. அதே ஆண்டில் அவர் நாடாளுமன்ற நாயகரானார். பிள்ளைகளைக் கைவிட்டவர்கள், கொடுமைப்படுத்தியவர்கள், புறக்கணித்தவர்கள் என்று தெரியவந்த பெற்றோர், மனுச் செய்வதற்கே முதலில் தீர்ப்பாயத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் முக்கிய அம்சம்.

அந்த முறை நான் முந்திக்கொண்டேன். மசோதா இணையத்தில் வந்ததுமே இறக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். படித்துவிட்டு அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம், ஆனால் நினைவு தெளிவு. உங்க கேள்விக்கு இன்னும் விவரமா பதில் வரப்போகுதுக்கா என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"படிச்சியா, இல்ல பத்திரிகையில பாத்தியா?" என்று கேட்டார். படித்தேன் என்றேன். "எத்தனையாவது பிரிவு? சொல்லு, மகளை எழுதிக்கச் சொல்றேன்" என்றார்.

சாப்பாடு தயாராகிவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.